பணம் கட்டிய வீடியோ ஏன் ஓடவில்லை?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பயிற்சிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது கடனும் இல்லை, சேமிப்பும் இல்லை. போனில் ஓடுகிற வீடியோ. "அதுக்கு ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். இந்த வீடியோவால் நம்ம கூட்டமைப்பில் ஒரு குழுவே உடையப் பார்த்தது. அதனால்தான் பேசுகிறோம்.

நடந்தது இதுதான். ஒரு குழுவில் 12 பேர் சேர்ந்து ஆரி வேலை படிக்க முடிவு செய்தார்கள். டவுனுக்குப் போய்ப் படித்தால் பஸ் செலவு, அரை நாள் கூலி போய்விடும், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற தொல்லை வேறு. அதனால் ஆன்லைன் வகுப்பு. தலைக்கு 300 ரூபாய் கணக்கில் 3,600 ரூபாயைப் பொது நிதியிலிருந்து எடுத்து, தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஊக்குநர் தன் போனிலிருந்து கட்டினார். ஒரு வருடப் பாடம். முதல் நாலு பாடங்களை அவர் வீட்டில் பார்த்தார். நன்றாக ஓடியது.

எல்லோரும் சேர்ந்து பெரிதாகப் பார்க்கலாமே என்று நம்ம அலுவலகத்து லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் கேட்டார்கள். கொடுத்தோம். சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்துக் குழுக்காரர்களும் சேர்ந்து 40 பேருக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள். வீடியோவைப் போட்டால் டீச்சர் பேசுவது கேட்கிறது, "ஊசியை இப்படிப் பிடிங்க" என்று. எப்படிப் பிடிப்பது என்று பார்க்கத் திரையில் ஒன்றுமே இல்லை. முழுக் கறுப்பு. வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினோம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். மறுநாள் காலையில் ஊக்குநர் தன் போனில் திறந்தால் அதிலும் ஓடவில்லை. "இந்த வீடியோவுக்கு உங்களுக்கு உரிமம் இல்லை" என்று ஒரு வரி, கீழே ஒரு எண்.

அந்த ஒரு வரி ஊர் முழுக்கப் போய்விட்டது. "பணம் கட்டினாங்களா, கட்டலையா?" "கட்டியிருந்தா உரிமம் இல்லைன்னு ஏன் வருது?" ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர். அடுத்த இரண்டு வாரக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சந்தாவை மகளிடம் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கும் பதில் தெரியவில்லை. உட்கார்ந்து படித்தோம், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டோம், எங்கள் போன்களிலேயே சோதித்துப் பார்த்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

பூட்டும் சாவியும்

யூடியூபில் நாம் சாதாரணமாகப் பார்க்கிற சமையல் வீடியோ திறந்த வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் கட்டிப் பார்க்கிற சினிமாவும் பாடமும் பெரும்பாலும் அப்படி இல்லை. படத்தைக் கலைத்து, பூட்டித்தான் அனுப்புகிறார்கள். நம்ம போனுக்கு வந்து சேர்வது பூட்டிய பெட்டி. அதைத் திறக்கிற சாவி தனியாக, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். அந்தச் சாவிக்குத்தான் உரிமம், லைசென்ஸ் என்று பெயர்.

ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். அரிசி மூட்டை கண்ணெதிரே இருக்கிறது. கார்டு கையில் இருக்கிறது. ஆனால் மெஷினில் விரலை வைத்து, அது சர்வரோடு பேசி, "சரி, கொடுக்கலாம்" என்று சொன்னால்தான் தராசில் அரிசி விழும். சர்வர் படுத்துவிட்டால் "நாளைக்கு வாங்க". அரிசி இல்லாததால் அல்ல, கார்டு பொய் என்பதாலும் அல்ல. வீடியோவும் அப்படித்தான். நாம் ஓடு என்று அழுத்தின உடனே போன் போய்க் கேட்கிறது: இது யார் கணக்கு, பணம் கட்டியிருக்கிறதா, காலம் முடிந்துவிட்டதா, எத்தனை போனில் பார்க்கிறார்கள், எந்த நாட்டில் இருக்கிறார்கள், இந்தப் போன் நம்பத்தக்கதா? எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் வந்தால் சாவி வரும். ஒன்றில் இடறினாலும் "உரிமம் இல்லை" என்கிற ஒரே வரிதான். எதில் இடறியது என்று நல்ல தமிழில் சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்வதில்லை. எங்களுக்கு இதில் பெரிய கோபம் உண்டு.

இந்தப் பூட்டு வேலையைச் செய்கிறவர்கள் மூன்று பேர் முக்கியம். ஆண்ட்ராய்டு போனிலும் குரோமிலும் இருப்பது வைட்வைன்; அதை 2010-இல் கூகுள் வாங்கியது. ஆப்பிள் போனில் ஃபேர்பிளே. மைக்ரோசாஃப்ட்டுடையது பிளேரெடி. பெயரை நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிழைச் செய்தியில் இந்தப் பெயர் வந்தால், கோளாறு நெட்டில் இல்லை, பூட்டில்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எதைப் பார்ப்பது?

வீடியோ ஓடவில்லை என்றால் உடனே போனைத் தட்டாதீர்கள். அதே இடத்தில் அதே போனில் யூடியூபில் ஏதாவது ஒரு சாதாரண வீடியோவைப் போடுங்கள். அதுவும் சுற்றிக்கொண்டே நின்றால் சிக்னல் கோளாறு; மாடிக்கோ மரத்தடிக்கோ போக வேண்டியதுதான். அது ஓடி, பணம் கட்டியது மட்டும் ஓடவில்லை என்றால் சாவிப் பிரச்சினையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்போது திரையில் வருகிற எழுத்தையும் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பூட்டு போட்ட ஆப்பில் பல சமயம் வெறும் கறுப்புதான் வரும், அல்லது எடுக்கவே விடாது. அதுவும் அந்தப் பூட்டின் வேலைதான். பக்கத்தில் இருப்பவர் போனில் போட்டோ எடுங்கள், வேலை முடிந்தது. புகார் செய்யும்போது "ஓட மாட்டேங்குது சார்" என்பதைவிட அந்த எண்ணைச் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்.

அடுத்து, தேதியும் மணியும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். உரிமத்துக்கு நாள் கணக்கு உண்டு என்பதால் போனின் கடிகாரம் தப்பாக இருந்தால் கணக்கே தப்பாகிவிடும். ஒரு தங்கச்சியின் போனில் எந்தப் பாடமும் ஓடவில்லை, "காலாவதி" என்றே வந்தது. வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. பார்த்தால் போனில் தேதி இரண்டு மாதம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. யார் மாற்றியது? வீட்டில் இருக்கிற பையன். விளையாட்டில் உயிர் தீர்ந்துவிட்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டுமாம். தேதியைத் தள்ளி வைத்தால் உடனே கிடைக்குமாம்! அமைப்புகளில் தேதி, நேரம் என்ற இடத்துக்குப் போய் "தானாக அமை" என்பதை ஆன் செய்தோம். ஓடிவிட்டது. உங்கள் வீட்டிலும் விளையாட்டுப் பிள்ளைகள் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

மூன்றாவது, எந்தக் கணக்கு? இதுதான் நம்மிடையே அதிகம். பணம் கட்டும்போது மகன் போன் நம்பர், பார்க்கும்போது நம்ம நம்பர். அல்லது வாங்கியது மருமகளின் ஈமெயிலில், புதுப் போன் வாங்கினபோது கடைக்காரர் போட்டுக் கொடுத்தது வேறு ஈமெயில். பணம் போயிருக்கிறது, ரசீது இருக்கிறது, ஆனால் சாவி வேறு பெயரில் காத்திருக்கிறது. பணம் கட்டின அன்றைக்கு வந்த செய்தியை எடுத்து, எந்த நம்பருக்கு, எந்த ஈமெயிலுக்கு வந்தது என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் தன் கணக்கைக் கொடுத்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சினிமா உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். அங்கே ஓடுகிற படம் இங்கே பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். அதற்கு நம்ம போனில் மருந்து கிடையாது.

இறக்கி வைத்ததும் காலாவதி ஆகும்

நெட் இருக்கும்போது இறக்கி வைத்து, இல்லாதபோது பார்ப்பது நமக்கெல்லாம் வசதி. ஆனால் இறக்கி வைத்த வீடியோவுக்கும் சாவி உண்டு, சாவிக்கு நாள் உண்டு, மாதாந்திர பஸ் பாஸ் மாதிரி. வாடகைக்கு எடுக்கிற சினிமாவில் வழக்கமான கணக்கு: பணம் கட்டி 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். யூடியூபில் மாதக் கட்டணம் கட்டி இறக்கி வைத்தாலும் 30 நாளுக்கு ஒரு முறையாவது போனை நெட்டில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கினது திறக்காது.

ஒரு குழுவில் கோழி வளர்ப்புப் பாடத்தை இறக்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி பொருளாளர் "சரியாக ஓடுதா பார்க்கலாம்" என்று கொஞ்சம் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அந்த நிமிஷமே 48 மணி நேரம் ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் போட்டால் ஓடவில்லை. அவர் செய்தது நல்ல எண்ணத்தில்தான். ஆகவே வாங்கும்போதே இந்த நாள் கணக்கைப் படித்துக்கொள்ளுங்கள். ஓடாமல் போனதும் நெட்டை ஆன் செய்து ஒரு தடவை ஆப்பைத் திறந்து பாருங்கள். உரிமக் காலம் மிச்சம் இருந்தால் பல சமயம் சாவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

போனை அணைத்துப் போடுவது, ஆப்பைப் புதுப்பிப்பது, போனில் இடம் இருக்கிறதா பார்ப்பது, இதெல்லாம் உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள், சரிதான். ஒரே ஒரு எச்சரிக்கை. ஆப் அமைப்பில் "கேச் அழி" என்றும் "டேட்டா அழி" என்றும் இரண்டு இருக்கும். முதலாவது பாதகமில்லை. இரண்டாவதை அழுத்தினால் இறக்கி வைத்தது எல்லாம் போய், கணக்கிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். பாஸ்வேர்டு தெரியாமல் அதைத் தொடாதீர்கள். லேப்டாப்பில் குரோமில் பார்க்கிறவர்கள் பிரவுசரைப் புதுப்பித்துவிட்டு, தள அமைப்புகளில் பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கம் என்பது தடை செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடை இருந்தால் சாவி வாங்கவே முடியாது.

இன்னொன்று. "காசு கட்டியும் படம் மங்கலாத் தெரியுது, ஏமாத்துறாங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். போனுக்குப் போன் பூட்டைத் திறக்கிற இடம் வேறு. சில போனில் சிப்புக்குள்ளேயே பத்திரமான இடம் இருக்கும். அதை எல்1 என்கிறார்கள். அது இல்லாத போன் எல்3. எல்3 போனுக்குத் தெளிவான படத்தை அனுப்பப் பெரிய நிறுவனங்கள் ஒப்புவதில்லை, மங்கலைத்தான் அனுப்பும். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் அமைப்பில் இது எந்த ரகம் என்று எழுதியே இருக்கும். எல்1 போனும் கடையில் கொடுத்து உள்ளே இருக்கிற மென்பொருளை மாற்றிவிட்டால் எல்3 ஆகிவிடும். சில ஆப் அதில் இறங்கவே இறங்காது. "வேகமா ஓட வைக்கிறேன்" என்று சொல்லி 200 ரூபாய்க்கு மென்பொருள் மாற்றித் தருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

சத்தம் வந்தது, படம் ஏன் வரவில்லை?

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

போனுக்குள் பூட்டைத் திறந்தால் போதாது. லேப்டாப்பிலிருந்து டிவிக்கோ புரொஜெக்டருக்கோ படம் வயர் வழியாகப் போகிறதே, அந்த வழியில் யாராவது நகல் எடுத்துவிடுவார்களோ என்று அங்கேயும் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். எச்டிசிபி என்று பெயர். இன்டெல் நிறுவனம் உருவாக்கியது. லேப்டாப், "நீ நம்ம ஆளா?" என்று எதிர்முனையைக் கேட்கும். எச்டிஎம்ஐ வயரில் வருகிற டிவி பதில் சொல்லும். நம்ம அலுவலகத்தில் இருப்பது பழைய புரொஜெக்டர், நீலத் தலை வைத்த விஜிஏ வயர். அந்த வயரில் இந்தக் கேள்வி பதிலே நடக்காது. பதில் வராததால் லேப்டாப் படத்தை நிறுத்திக்கொண்டது. பாடம் சொன்ன சத்தம் லேப்டாப்பிலேயே வந்ததால் அது மட்டும் கேட்டது. போன் திரையை டிவியில் அப்படியே காட்டும்போதும் இதே கதை நடக்கலாம்: பட்டன்கள் தெரியும், படம் இருக்கிற இடம் கறுப்பாக இருக்கும். அரை மணி நேரம் வயரைப் பிடுங்கினோமே, வயரில் ஒரு கோளாறும் இல்லை. தப்பு எங்கள் பேரில்தான். முந்தின நாளே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, மறுநாள் போனில் "உரிமம் இல்லை" என்று வந்தது? அதற்குக் காரணம் இன்னும் எளிது. அந்த வகுப்பில் ஒரு கணக்கை ஒரே கருவியில்தான் பார்க்கலாம். சனிக்கிழமை அலுவலக லேப்டாப்பில் ஊக்குநரின் கணக்கைப் போட்டோம். சாவி லேப்டாப்புக்கு வந்துவிட்டது, போனின் சாவி செல்லாமல் போனது. லேப்டாப்பில் நாங்கள் வெளியேறு என்று அழுத்தாமலே மூடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். இரண்டு வாரம் அந்தப் பெண்மணி தலை குனிந்து நடந்ததற்குக் காரணம் அந்தப் பீரோவுக்குள் இருந்த லேப்டாப். அதைத் திறந்து வெளியேறு என்று அழுத்திய அடுத்த நிமிஷம் அவர் போனில் பாடம் ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போய், பணம் கட்டின ரசீதையும் வாங்கி, அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லார் முன்பும் வாசித்தோம்.

அதன்பிறகு ஒரு கேள்வி எழுந்தது. ஒருத்தர் கணக்கில் 12 பேர் பார்ப்பது சரிதானா? நிபந்தனையைப் படித்தபோது, தனி நபர் பார்ப்பதற்கே அனுமதி என்று இருந்தது. 3,600 ரூபாய்க்கு நாம் வாங்கினது வீடியோவை இல்லை, ஒருத்தர் பார்க்கிற அனுமதியை. தீர்மானம் எழுதும்போது இதை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு ஈமெயில் போட்டோம்: நாங்கள் சுயஉதவிக்குழு, 12 பேர் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கப் போகிறோம், என்ன செய்ய வேண்டும் என்று. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த 12 பேர் மட்டும், வாரம் ஒரு நாள், ஒரு டிவியில் பார்க்கலாம். கூடுதலாக 900 ரூபாய் கட்ட வேண்டும் என்று. பக்கத்துக் குழுக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. 900 ரூபாய் அதிகம்தான் என்று சில பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் எழுத்தில் அனுமதி கையில் இருக்கிறது.

"எதுக்கு இவ்வளவு? பூட்டை உடைச்சுக் கொடுக்கிற ஆப் இருக்காமே, டவுன்ல ஒரு பையன் பென்டிரைவில் போட்டுத் தர்றானாம்" என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 வருடம்வரை சிறையும் அபராதமும் உண்டு. குழுப் பெயரில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது மாட்டுவது குழுத் தலைவியும் ஊக்குநரும்தான். தவிரவும், அந்தப் பாடம் எடுத்தவரும் நம்மைப் போல ஊசியைப் பிடித்துப் பிழைக்கிற ஒரு பெண்தான்.

ஆனால் பூட்டுக்காரர்கள் பக்கம் எல்லாம் நியாயம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சாவி கொடுக்கிற கடை மூடிவிட்டால் என்ன ஆகும்? இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் 2004-இல் எம்எஸ்என் மியூசிக் என்று பாட்டுக் கடை நடத்தியது. 2006-இல் மூடியது. 2008 ஏப்ரலில், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதுக் கம்ப்யூட்டருக்குச் சாவி தர மாட்டோம் என்று அறிவித்தது. காசு கொடுத்துப் பாட்டு வாங்கினவர்கள் கொதித்துப்போய்க் கேட்டதால்தான் 2011 முடிவுவரை நீட்டித்தார்கள். அதற்குப் பிறகு? பழைய கம்ப்யூட்டர் இருக்கும்வரை பாட்டு. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே அப்படி என்றால், நேற்று ஆரம்பித்த ஆப்பில் "வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்" என்று போட்டிருந்தால் அது யாருடைய வாழ்நாள் என்று நாம் கேட்க வேண்டும்.

போன் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள்

இதைச் சொல்லாமல் விட முடியாது. இன்னொரு குழுவில் ஒரு அக்கா, சினிமா ஓடவில்லை என்று கூகுளில் தேடி "கஸ்டமர் கேர்" என்று வந்த நம்பருக்குப் போன் செய்தார். பேசியவன் ரொம்ப மரியாதையாக, "அம்மா, உரிமத்தைப் புதுப்பிச்சுத் தர்றேன்" என்று சொல்லி ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். அது நம்ம திரையை அவன் பார்க்கிற ஆப். பிறகு "சரிபார்க்க 1 ரூபாய் மட்டும் அனுப்புங்க" என்றான். யூபிஐ பின்னை அவர் அழுத்தியதை அவன் பார்த்துக்கொண்டான். 6,200 ரூபாய் போய்விட்டது. வீட்டில் திட்டுவார்கள் என்று அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள்தான் நமக்குத் தெரிந்து 1930-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தோம். பணம் இன்னும் வரவில்லை.

உரிமக் கோளாறைச் சரி செய்ய யாருக்கும் ஓடிபி தேவையில்லை, பின் தேவையில்லை, நம்ம திரையைப் பார்க்கத் தேவையில்லை. உதவி வேண்டுமென்றால் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கிற உதவிப் பகுதிக்குப் போங்கள், அல்லது பணம் கட்டின ரசீதில் இருக்கிற ஈமெயிலுக்கு எழுதுங்கள். பணம் பறிபோனால் அந்த நிமிஷமே 1930. தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

பணத்தை வாங்கிக்கொண்டு வீடியோவும் ஓடாமல், பதிலும் தராமல் இழுத்தடிக்கிற நிறுவனமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் வாங்கின டிஜிட்டல் பொருளும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பிழை எண்ணின் போட்டோ, ரசீது, நீங்கள் அனுப்பின ஈமெயில் மூன்றும் இருந்தால் பேசுவது எளிது. மாதாமாதம் தானாகப் பணம் போகிற மாதிரி போட்டிருந்தால், யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் போய் அதை நிறுத்துங்கள். ஆப்பை அழித்துவிட்டால் மட்டும் பணம் போவது நிற்காது.

இனிமேல் பொது நிதியில் வகுப்போ படமோ வாங்குவதாக இருந்தால், தீர்மானம் எழுதுவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை பேர், எத்தனை கருவி, எத்தனை நாள், டிவியில் போடலாமா, நிறுவனம் மூடினால் பணம் திரும்ப வருமா என்று. பதிலை நோட்டில் ஒட்டிவிட வேண்டும். கணக்கு யார் நம்பரில் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். பூட்டு இல்லாத பாடங்கள் நிறைய இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள். மத்திய அரசின் ஸ்வயம் பாடங்கள் இருக்கின்றன, வேளாண் பல்கலைக்கழகத்தின் யூடியூப் பாடங்கள் இருக்கின்றன. ஆரிக்கு அவை போதாது, மாட்டுக்கும் கோழிக்கும் காளானுக்கும் முதலில் அங்கே பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டலாம்.

அந்த 12 பேரும் இப்போது வியாழக்கிழமை சாயங்காலம் பொருளாளர் வீட்டு டிவியில் பார்க்கிறார்கள். எச்டிஎம்ஐ வயர் 250 ரூபாய், அதுவும் கணக்கில் எழுதியிருக்கிறது. லேப்டாப்பில் வெளியேறு என்று அழுத்தியாச்சா என்று கேட்பது ஊக்குநரின் வேலை, தினமும் கேட்கிறாராம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, பணம் கட்டியும் ஓடாத வீடியோ யாரிடமாவது இருந்தால் அந்தப் போனையும், பிழை எண்ணையும், பணம் கட்டின செய்தியையும் கொண்டுவாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதற்கென்றே வைத்திருக்கிறோம். போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், போன தடவை அலுவலகத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்டுக்குத் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது.